பெரம்பலூர் கிளை மேனேஜர்

முழங்கையை உள்ள இழுத்துக்கங்க தம்பி. எதிர்ல லாரி வர்ற ரோடு. ஆங், அப்படி. பையை மேல வைக்க வேணாம், மடியிலயே வச்சுக்கங்க. மேல வச்சா திருச்சியில எறங்குறவன் எவனாவது தெரியாமத் தூக்கிட்டுப் போயிருவான். தெரிஞ்சே தூக்குறவனும் இருக்கான். முப்பது வருசம் கண்டக்டரா இருந்தவன் சொல்றேன், கேட்டுக்கங்க.

எங்க எறங்கணும், பெரம்பலூரா? அட, நானும் பெரம்பலூர்தான். அப்ப நிம்மதியாப் பேசிக்கிட்டே போகலாம். காதுல சொருகியிருக்கிறதைக் கழட்டிருங்க, சும்மா சார்ஜுதான் வீணாகும்.

நான் எதுக்குப் போறேன்னு கேக்கலையே? கேளுங்க, ஒன்னும் தப்பில்ல. பெரம்பலூர் கிளைக்கு மேனேஜராப் போறேன். இந்தாங்க கார்டு. யோகி கிரியேட்டிவ்ஸ், மதுரை. வீரணன், கிளை மேனேஜர், பெரம்பலூர். எப்படி இருக்கு எழுத்து? எங்க மாப்ள போட்டது. மத்தவங்களுக்கு ஒரு கார்டு டிசைன் பண்ண மாசக்கணக்குல தாடையைத் தடவிக்கிட்டு உக்காந்திருப்பாரு. எனக்கு மட்டும் நான் டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள போட்டுக் குடுத்துட்டாரு. மாமனார்னா அவ்வளவு பிரியம்.

மாப்ள பேரு யோகேஸ்வரன். கிராபிக் டிசைனர். ஆபீஸ் கெடையாது, முதலாளி கெடையாது, சொந்தத் தொழில். ஆனையூர்ல வாடகை வீடு, மாடியில ஒத்த ரூம்பு, அதுல ஒரு கம்ப்யூட்டர், அதுக்கு முன்னாடி அரை டிராயரோட மாப்ள. கடைக்கு லோகோ, டப்பாவுக்கு லேபிளு, கல்யாணப் பத்திரிகை, போர்டு, எல்லாம் அவரு கையிலதான். நல்ல கை, குத்தம் சொல்லக் கூடாது. ஆனா வாய் கெடையாது. யாவாரத்துக்குக் கை பாதி, வாய் பாதி இல்லையா? போன்ல கூப்புட்டு எவன் என்ன சொன்னாலும் "சரிங்க சார், மாத்திரலாம் சார்". அந்த ஒரு வார்த்தையை வச்சே குடும்பம் நடத்திக்கிட்டு இருந்தாரு.

நான் அங்க எப்படிப் போயிச் சேந்தேன்னு சொல்லணும்ல. என் சம்சாரம் காலமான பின்னாடி மொதல்ல பெரியவன் வீட்லதான் இருந்தேன், இதே பெரம்பலூர்ல. மக்காச்சோள மண்டி வச்சிருக்கான். சும்மா இருக்கக் கூடாதேன்னு அவனுக்குக் கொஞ்சம் யாவாரம் பாத்துக் குடுத்தேன். மூட்டை கொண்டு வர்ற விவசாயி எல்லாம் பின்வாசல்ல ஏறணும், முன்வாசல்ல எறங்கணும், நடுவுல நின்னு பேசக் கூடாதுன்னு ஒழுங்கு பண்ணேன். அந்த வருசம் பாருங்க, மண்டிக்கு வரத்தே கொறைஞ்சு போச்சு. மழை சரியில்ல போல. அவன்தான் ஒருநாள் வந்து கையைப் புடிச்சுக்கிட்டுச் சொன்னான், "அப்பா, இங்க நான் எப்படியோ சமாளிச்சுக்கிறேன், தங்கச்சி வீட்டுலதான் நீங்க கட்டாயம் வேணும்"னு. அவனே வந்து ஏத்தி விட்டான். நல்ல புள்ளை.

ஆனா பொண்ணு குடுத்த வீட்ல உக்காந்து சாப்புடுறது இருக்கே தம்பி, அது சாதாரணம் இல்ல. விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குன்னு சும்மாவா சொன்னாங்க? எம்பொண்ணு பாண்டிமீனா தட்டுல ரெண்டாவது கரண்டி வைக்க வரும்போதே நான் கையால மறைச்சிருவேன். அதுவும் ஒன்னும் சொல்லாது, மாப்ளயும் ஒன்னும் சொல்ல மாட்டாரு. அவங்க ஒன்னும் சொல்லாம இருக்கிறதுதான் பெரிய கஷ்டம். அதனால முடிவு பண்ணேன். இந்த வீட்டுல நமக்குன்னு ஒரு வேலை இருக்கணும். நாம இல்லாட்டி இந்த வண்டி நகராதுன்னு ஆகணும். அப்பத்தான் அந்தச் சோறு உள்ள எறங்கும். பெரிய ஆசையா இது? நீங்களே சொல்லுங்க.

என்ன வேலை செய்யலாம்னு பாத்துக்கிட்டே இருந்தேன். மாப்ள தெனம் காலையில போன்ல ஒரு கிளாஸ் கேப்பாரு. ஒரு தாடிக்காரத் தம்பி, தொழில் எப்படிப் பண்றதுன்னு டிசைனருக்கெல்லாம் பாடம் நடத்துவாரு. நானும் பக்கத்துல உக்காந்து கேப்பேன். அந்தத் தம்பி சொல்லுது, ஊருல உள்ள வேலை அம்புட்டையும் இழுத்துப் போடாதீங்க, ஒரு தனி வழியைப் புடிச்சுக்கங்க, அதுல மட்டும் ஓடுங்கன்னு. மாப்ள பக்கம் பக்கமாக் குறிப்பு எழுதுறாரு. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. இதுக்கு எதுக்கு மாப்ள கிளாஸு? ரூட்டு! அம்புட்டுத்தானே! ரூட்டு இல்லாத பஸ்ஸு ஒன்னு உண்டா ஒலகத்துல? அப்புறம் அந்தத் தம்பி சொல்லுது, கஸ்டமர் தானா வரமாட்டான், நீங்கதான் அவன் இருக்கிற எடத்துக்குப் போகணும்னு. அதைத்தானே நான் பஸ் ஸ்டாண்டுல தொண்டை கிழியச் செஞ்சேன், முப்பது வருசமா?

அன்னைக்கே கெளம்பிட்டேன். நான் ஓடுன ரூட்டு மதுரை தேனி. செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, எல்லாக் கடைக்காரனும் எனக்குப் பழக்கம். ஒவ்வொரு ஸ்டாப்பிங்குலயும் எறங்கி நின்னு ஒரே குரல். "லோகோ லோகோ லோகோ லோகோ! கார்டு, போர்டு, பத்திரிகை! உக்கார எடமிருக்கு, வாங்க வாங்க!" பழைய தொண்டை, இன்னும் போகலை தம்பி. உசிலம்பட்டியில ஒரு கெழவி கூடையைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்து, "லோகோவுக்கு எத்தனை மணிக்கு வண்டி?"ன்னு கேட்டுச்சு. அதுக்கும் ஒரு கார்டு குடுத்துத்தான் அனுப்புனேன், பேரன் கீரன் கடை வைக்காமலா போயிருவான்?

கோழிக்கடை, பஞ்சர் கடை, போர்வெல் போடுறவன், சவுண்டு சர்வீஸ், பிரியாணிக் கடை. அள்ளிக்கிட்டு வந்தேன். மாப்ள மொகத்தைப் பாக்கணுமே. "மாமா, நான் ஒரு நேரத்துல ரெண்டு பேருக்குத்தான் வேலை செய்வேன்"ங்கிறாரு. நான் சொன்னேன், "மாப்ள, பஸ்ஸுக்கு ஃபுல்லுன்னு ஒன்னு கெடையாது. உள்ள போயி நில்லுங்கன்னு சொன்னா எடம் தானா வரும்". அவரு தண்ணி குடிச்சுட்டு வந்து ஒக்காந்தாரு.

அதுல அந்தப் பிரியாணிக்காரன் மொக்கராசு இருக்கானே, அவன் கதையைக் கேளுங்க. மாப்ள அவனுக்கு ஒரு லோகோ போட்டாரு. ஒரே ஒரு வளைஞ்ச கோடு. பிரியாணியில கெளம்புற ஆவியாம். மொக்கராசு அதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பாத்துட்டு, "ஆடு எங்க?"ன்னான். நியாயமான கேள்விதானே? மாப்ள ஆடு போட்டுக் குடுத்தாரு. "ஆடு சிரிக்கணும்"னான். பிரியாணியாகப் போற ஆடு எதுக்குடா சிரிக்கணும்? மாப்ள கேக்கலை, "சரிங்க சார்"னு சிரிக்க வச்சுட்டாரு. எடத்தைக் குடுத்தா மடத்தைப் புடுங்குவான்கிற கதைதான் அப்புறம். பல்லு வெள்ளையா இருக்கணும், ஆட்டுக்குத் தலப்பா வேணும், தலப்பாவுல அவங்கப்பா போட்டோ வேணும். மாப்ள ராப்பகலா ஆட்டோட மல்லுக்கட்டிக்கிட்டுக் கெடந்தாரு. கண்ணெல்லாம் உள்ள போயிருச்சு. பாண்டிமீனா அடுப்படியில நின்னு மூக்கைச் சிந்துது.

மறுநாள் மொக்கராசு நேர்லயே வந்துட்டான். ஆட்டுக்கு மீசை வைக்கலாமான்னு ஆரம்பிச்சான் பாருங்க, எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. சட்டைப் பையில கை போச்சு. விசில் எப்பவும் என்கிட்ட இருக்கும், இதோ, இதான். ரிட்டையர் ஆகும்போது எல்லாத்தையும் ஒப்படைச்சேன், இதை மட்டும் குடுக்க மனசு வரலை. ஒத்த விசில்னா நில்லு, ரெட்டை விசில்னா போ, அது ஒங்களுக்கே தெரியும். அவன் காதுக்குப் பக்கத்துல வச்சு ஒத்த விசில் குடுத்தேன். ஆளு கம்பியைப் புடிக்கிற மாதிரி கையைத் தூக்கிட்டு அப்படியே நின்னுட்டான்.

"டிக்கெட்டுக் கிழிச்சாச்சு மொக்கராசு. இதுக்கு மேல ஊரை மாத்தக் கூடாது. இதே ஆட்டோட போயிச் சேரு"ன்னேன். "சரிண்ணே"ன்னுட்டு ஆட்டை வாங்கிட்டுப் போயிட்டான் தம்பி! எல்லாப் பயலும் சின்ன வயசுல என் பஸ்ஸுல ஏறி வளந்தவன்தானே, அந்தச் சத்தத்துக்குக் கால் தானா நின்னு போகும். அன்னைக்கு மாப்ள என்னைப் பாத்த பார்வை இருக்கே, தாலி கட்டுன அன்னைக்கு எம்பொண்ணைக்கூட அப்படிப் பாக்கலை. அன்னைக்கு ராத்திரி மூணு கரண்டி சோறு சாப்புட்டேன்.

அதுக்கப்புறம் எல்லா வண்டியும் என் விசிலுக்குத்தான் நின்னுச்சு. போர்வெல்காரன் மஞ்சளை இன்னும் கொஞ்சம் மஞ்சளாக்கணும்னான், விசில். கோழிக்கடைக்காரன் சேவல் எந்தப் பக்கம் பாக்கணும்னு மச்சானைக் கேட்டுச் சொல்றேன்னான், விசில். ஒருநாள் மாப்ள கம்ப்யூட்டர்ல பெங்களூரு கம்பெனிக்காரங்களோட மொகம் பாத்துப் பேசிக்கிட்டு இருக்காரு. அவங்க இங்கிலீசுல ஏதோ இழுக்கிறாங்க. மாப்ள "எஸ் சார், எஸ் சார்"ங்கிறாரு. நமக்கு இங்கிலீசு தெரியாட்டி என்ன, இழுக்கிறது தெரியாதா? பின்னாடி போயி நின்னு ஒரு விசில். அம்புட்டுத்தான், அந்தப் பக்கம் அத்தனை பேரும் எந்திரிச்சு வெளிய ஓடிட்டாங்க. நாற்காலிதான் தெரியுது. தீ விபத்து ஒத்திகைன்னு நெனைச்சுட்டாங்களாம். எவ்வளவு கட்டுப்பாடான கம்பெனி பாருங்க. அப்புறம் அவங்க போன் பண்ணவே இல்ல, அவ்வளவு திருப்தி.

கூலி நிர்ணயமும் நான்தான் பாத்தேன். அந்தத் தாடிக்காரத் தம்பி கூலியைப் பத்தி என்னென்னமோ சொல்லுது, உங்க மதிப்பு என்ன, கஸ்டமருக்குக் கிடைக்கிற பலன் என்னன்னு. மாப்ளைக்கு ஒன்னும் வெளங்கலை, எவ்வளவு கேக்குறதுன்னு தெரியாம நகத்தைக் கடிப்பாரு. நான் சுலபமாக்கிட்டேன். பஸ் டிக்கெட்டு மாதிரி ஸ்டேஜுதான் மாப்ள! ஆனையூர்ல இருந்து ஆளு எத்தனை ஸ்டேஜு தள்ளி இருக்கானோ, அதுக்குத் தக்க கூலி. அரசரடிக்காரனுக்கு மினிமம். தேனிக்காரனுக்கு அதுக்கு மேல. கனடாவுல இருந்து ஒரு அம்மா, இட்லிக் கடை வைக்குதாம், அது மாப்ள குளிக்கப் போயிருந்த நேரத்துல போன் பண்ணி எவ்வளவுன்னு கேட்டுச்சு. நான் கடல், மலை எல்லாத்தையும் மனசுல தாண்டி ஒரு தொகை சொன்னேன். அந்தம்மா, "இப்பத்தான் ஒரு நல்ல டிசைனர் கிட்ட பேசுறோம்னு நம்பிக்கை வந்துச்சு"ன்னு ஒத்துக்கிச்சு. மாப்ள சோப்பு நுரையோட வந்து நின்னு கேட்டுட்டு, அப்படியே செவுத்துல சாஞ்சுட்டாரு.

இவ்வளவும் பண்ணிக் குடுத்தும் ஒரே ஒரு விசயத்துல மட்டும் எனக்கும் மாப்ளைக்கும் ஒத்து வரலை. காலி எடம். அவரு போடுற எந்த டிசைனைப் பாத்தாலும் நடுவுல ஒரு பொட்டு, சுத்தி வெள்ளை. கேட்டா, "அந்த எடம் மூச்சு விடணும் மாமா"ங்கிறாரு. பேப்பருக்கு என்ன மூச்சு? சீட்டு காலியா ஓடுனா டெப்போவுல எங்களைக் கூப்புட்டுக் கேப்பாங்க, ஏன்யா ஆளு ஏத்தலைன்னு. காலி எடத்தைப் பாத்தா எனக்குக் கை சும்மா இருக்காது தம்பி, அது உத்தியோகப் பழக்கம்.

திண்டுக்கல்ல இருந்து நளாயினி மேடம்னு ஒரு அம்மா. மூலிகைத் தல எண்ணெய் கம்பெனி. பெரிய எடம். இந்த ஆர்டர் கெடைச்சா நாலு வருசத்துக்கு மூச்சு விடலாம்னு மாப்ள சொல்லிக்கிட்டே இருப்பாரு. ரொம்ப நாளா ஒழைச்சாரு. கடைசியில லேபிளைப் பெரிய தாள்ல அச்சுப் போட்டு செவுத்துல ஒட்டி வச்சாரு, மேடம் நேர்ல வந்து பாக்கப் போறாங்கன்னு. போயிப் பாத்தேன். ஒரு எலை. கீழ பேரு. மிச்சமெல்லாம் வெள்ளை. அடப் பாவமே, இதையா அந்தம்மா திண்டுக்கல்ல இருந்து பாக்க வருது? மாப்ள அந்தம்மாவைக் கூப்புட பைபாஸுக்குப் போயிட்டாரு. மேசையில தடிச்ச மார்க்கர் பேனா கெடந்துச்சு.

நம்ம எழுத்து நல்லா இருக்கும் தம்பி. எலைக்கு மேல பெருசா, "கரம் சிரம் புறம் நீட்டாதீர்". சிரம்னா தலைதானே, தல எண்ணெய்க்குப் பொருத்தம். அந்தப் பக்கம், "படியில் பயணம் நொடியில் மரணம்". பொது நன்மைக்கு. கீழ கொஞ்சம் எடம் இருந்துச்சு, "சரியான சில்லறை தரவும்". கடைக்காரனுக்கு உபயோகமா இருக்கும்ல? அப்பவும் ஒரு மூலை மிச்சம். "பெண்கள்"னு எழுதி விட்டேன், தல எண்ணெய் அவங்கதானே வாங்குறாங்க.

அந்தம்மா வந்தாங்க. பட்டுச் சேலை, கையில ஒத்த வளையல். செவுத்தைப் பாத்தாங்க. வாயைப் பொத்திக்கிட்டாங்க. கண்ணுல தண்ணி நிக்குது. தோளு ரெண்டும் குலுங்குது. அவ்வளவு ஒணர்ச்சி. பாண்டிமீனா கொண்டு வந்த காபியைக்கூடத் தொடாம, "அப்புறம் சொல்றேன் யோகேஸ்"னு எறங்கிப் போயிட்டாங்க. அச்சுக்குக் குடுக்கிற அவசரம்னு நெனைச்சேன். சாயங்காலம் மெசேஜு வந்துச்சு. மாப்ள படிச்சாரு. போனைக் கவுத்து வச்சுட்டுத் தரையிலயே படுத்துட்டாரு. அவ்வளவு பெரிய வேலை முடிஞ்சா அலுப்பு இருக்கத்தானே செய்யும்? நானே ஃபேனைப் போட்டு விட்டேன்.

அடுத்த நாள் அடுப்படியில புருசனும் பொண்டாட்டியும் ரொம்ப நேரம் குசுகுசுன்னு பேசுனாங்க. "எங்கப்பாவை என்ன பண்ணச் சொல்றீங்க"ன்னு பாண்டிமீனா கேக்குது. எனக்கு என்ன பதவி குடுக்கிறதுன்னு யோசிக்கிறாங்க போலன்னு நான் எந்திரிச்சுப் போயிட்டேன், நம்ம இருந்தா சங்கடப்படுவாங்க. அப்புறம் மாப்ள வந்து தரையைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "மாமா, தொழிலை விரிவாக்கலாம்னு இருக்கேன். பெரம்பலூர்ல ஒரு கிளை. மச்சான் வீட்லயே இருந்து நீங்க பாத்துக்கலாம்." எனக்கு உச்சி குளுந்து போச்சு. முப்பது வருசம் சர்வீஸு, செக்கர் பதவிகூட எனக்கு வரலை தம்பி. மேனேஜர்! இன்னைக்குக் காலையில எந்திரிச்சதும் ரூட்டுக்காரங்க அத்தனை பேருக்கும் போன்ல வாய்ஸ் போட்டு விட்டேன். "உங்கள் கண்டக்டர் வீரணன், பதவி உயர்வு பெற்று பெரம்பலூர் செல்கிறேன், இனி மதுரையில் விசில் கிடையாது"ன்னு.

பாண்டிமீனாதான் பொட்டி கட்டுச்சு. எல்லாத்தையும் வச்சுருச்சு. ஸ்வெட்டரு, மழைக் குல்லா, என் சம்சாரம் போட்டோ. "கிளை தெறக்கப் போறதுக்கு அம்மா போட்டோ எதுக்குத்தா?"ன்னு கேட்டேன். அது என் சட்டைக் காலரைச் சரி பண்ணி விட்டுக்கிட்டே இருந்துச்சு. காலரு நல்லாத்தான் இருந்துச்சு.

ஒன்னு சொல்றேன் தம்பி, இது கண்டக்டருக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம். ஏத்தி விட வர்றவன் இருக்கான்ல, அவனைப் பாத்தாலே போதும். சன்னலைப் புடிச்சுக்கிட்டு, போறவன் மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னான்னா, போறவனை மனசார அனுப்பலைன்னு அர்த்தம். வாட்சைப் பாத்துக்கிட்டு, கண்டக்டர் கிட்ட வந்து "எப்பண்ணே எடுப்பீங்க, எப்பண்ணே எடுப்பீங்க"ன்னு கேட்டான்னா, விட்டது சனின்னு அர்த்தம். முப்பது வருசத்துல ஒரு தடவைகூட என் கணக்கு தப்புனது இல்ல.

இன்னைக்கு மாட்டுத்தாவணிக்கு மாப்ளதான் கொண்டாந்து விட்டாரு. டிக்கெட்டு, தண்ணி பாட்டிலு, பிஸ்கட்டு, எல்லாம் வாங்கிக் குடுத்தாரு. அப்புறம் அந்தக் கண்டக்டர் தம்பி கிட்ட போயி, எப்ப எடுப்பாங்கன்னு கேட்டாரு. வந்தாரு. மறுபடி போயிக் கேட்டாரு.

ஏன் தம்பி அப்படிப் பாக்குறீங்க?

அந்தக் கணக்கு பயணிகளுக்குத்தான். நான் ஸ்டாஃப் இல்லையா? மேனேஜர் டூட்டிக்கு லேட்டாப் போனா நல்லா இருக்காதேன்னு கேட்டிருப்பாரு. வேற என்ன இருக்கு. பிஸ்கட்டு சாப்புடுங்க. எனக்கு வேணாம், இப்ப உள்ள எறங்காது.

துவரங்குறிச்சி தாண்டிட்டோமா? இருங்க, போன் அடிக்குது. மாப்ளதான்.

ஹலோ! சொல்லுங்க மாப்ள. வண்டியிலதான் இருக்கேன். கேக்கலை, சத்தமாப் பேசுங்க. யாரு? மொக்கராசா? வீட்டுக்கே வந்துட்டானா? ஆட்டுக்கு மீசையா! பழையபடி ஆரம்பிச்சுட்டானா? போர்வெல்லுமா? எல்லாருமா? மாடிப்படியிலயும் நிக்கிறாங்களா? படியில நிக்கக் கூடாதுன்னு சொல்லுங்க! அதான் வாய்ஸ் போட்டேன்ல, விசில் கெடையாதுன்னு. அதுக்கா வந்துட்டானுங்க? நீங்க ஊதிப் பாத்தீங்களா? வாயாலயா? சிரிக்கிறானுங்களா? ம்.. ம்.. கோழிக்கடைக்காரன் மச்சானோட வந்திருக்கானா? சேவல் தெக்கப் பாக்கணுமா? மாப்ள, அழுகாதீங்க. மாப்ள! போனைப் பாண்டிமீனா கிட்ட குடுங்க. சொல்லுத்தா. ஆமாத்தா. இல்லத்தா. கேக்குதுத்தா.

சரி, குடு அவருகிட்ட. இங்க பாருங்க மாப்ள, நான் இப்ப கிளை மேனேஜரு. நெனைச்ச நேரத்துக்கு நடு ரோட்டுல எறங்கி வர்றதுக்கு முடியாது. பெரம்பலூர் போயி, நெலவரம் பாத்து, ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்றேன். வைக்கிறேன்.

வச்சுட்டேன். இருங்க தம்பி, நான் எறங்கணும்.

ரெண்டு நாளா? அது கெத்துக்குச் சொல்றது. என்ன கேட்டாரு தெரியுமா? "எப்ப வருவீங்க மாமா"ன்னு கேட்டாரு. ஒரு தடவை இல்ல தம்பி, திரும்பத் திரும்பக் கேட்டாரு. "எப்ப வருவீங்க, எப்ப வருவீங்க"ன்னு. காலையில எப்ப எடுப்பாங்கன்னு கேட்டாருல்ல, அதே வாயி. எனக்குக் கண்ணு மறைக்குது, அந்தப் பொட்டியை எறக்கிக் குடுங்க. பாத்து, உள்ள என் சம்சாரம் இருக்கு.

இந்தக் கார்டு அம்புட்டையும் நீங்க வச்சுக்கங்க. நீங்க பெரம்பலூருதான போறீங்க, கிளை இனிமே ஒங்க பொறுப்பு. மக்காச்சோள மண்டியில எங்க பெரியவன் இருப்பான், அவன் கிட்ட சொல்லிருங்க, மேனேஜர் மாறிட்டாருன்னு. பாவம், என்னை எதிர்பாத்துக்கிட்டு இருப்பான், கொஞ்சம் ஆறுதலாச் சொல்லுங்க.

ஸ்டாப்பிங் இல்லாட்டி என்ன? பாருங்க இப்ப. எப்படி? ஒத்த விசிலுக்கு டிரைவர் கால் தானா பிரேக்குல போயிருச்சு பாத்தீங்களா! ஏப்பா கண்டக்டர், வையாத. ஒனக்கு முந்தி வந்தவன்யா நானு. எறங்கிட்டேன், எறங்கிட்டேன். பொட்டியும் எறங்கிருச்சு. தம்பி, முழங்கையை உள்ள இழுங்க. காலி எடம் இருக்கு பாருங்க என் சீட்டு, யாரையாவது கூப்புட்டு உக்கார வைங்க. எல்லாரும் உள்ள போயாச்சா? அப்ப ரெட்டை விசில் குடுக்கிறேன்.

ரைட், போலாம்!